கந்தோர்ப் படியில்: ‘நிலைமை சீராகும் வரை’ என்றால் எது வரை?

இம்மாதத் தபால் கட்டில் முக்கால்வாசியும் வெள்ளக் கடிதங்கள். ஒருவர் அனுப்பிய லைசன் ஃபோட்டோக்கொப்பியில் பாதி எழுத்து நீரில் ஊறிப் போய்விட்டது. சபையின் முத்திரை மட்டும் நீலமாகத் தெரிகிறது. சோலை வரி (கட்டடத்துக்குச் சபை அறவிடுகிற வரி), காணிப் பெயர் மாற்றம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்து உள்ளூராட்சிச் சபைகளிலும் 31 வருடம் வேலை செய்தவன் நான். வருமானப் பரிசோதகராகச் சைக்கிளில் கடை கடையாகத் திரிந்து, கடைசியில் செயலாளர் கதிரையில் இருந்து 2023இல் ஓய்வு பெற்றேன். சட்டத்தரணி அல்ல. வழக்கு என்று வந்துவிட்டால் சட்டத்தரணியிடம் போங்கள். வழக்கு வராமல் இருக்கக் கந்தோருக்கு என்ன எழுதுவது என்று தெரிய வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தினேன். போன நவம்பர் கடைசியில் டித்வா புயல் வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணி, பின்சுவர் வெடித்துவிட்டது. வீட்டு விறாந்தையில் அடுப்பை வைத்துப் பார்சல் சமைத்தேன். முகாமுக்கும் கொடுத்தேன். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து பார்த்து, “சுத்தமாச் செய்யுங்க, பரவாயில்ல” என்றார். சபையிலிருந்து வந்தவர், “நிலைமை சீராகும் வரை செய்யுங்க” என்றார். இப்போது பெப்ரவரியில் கடிதம் வந்திருக்கிறது: அனுமதிப்பத்திரம் இல்லாமல் குடியிருப்பு இடத்தில் உணவு வியாபாரம், 14 நாளில் நிறுத்தாவிட்டால் வழக்கு என்று. கடைச்சுவர் இன்னும் கட்டவில்லை. சொன்னவர்கள் யாரும் இப்போது வாயைத் திறக்கவில்லை. இது நியாயமா?
— ஒரு சகோதரி, மட்டக்களப்பு மாவட்டம் (ஊரையும் சபையையும் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: தங்கச்சி, கடிதத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அலுமாரிக்குள் மடித்து வைக்கவும் வேண்டாம். அந்த 14 நாளுக்குள் நீங்கள் ஒரு பதில் கொடுத்துவிட்டால் விஷயம் பெரும்பாலும் கந்தோர் மேசையோடு நிற்கும்.

முதலில் உங்கள் லைசன் என்னவாயிற்று என்று பார்ப்போம். வியாபார லைசன் ஆளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. இன்னார், இன்ன இடத்தில், இன்ன வியாபாரம் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு அது. நீங்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது லைசன் கூட வரவில்லை. வெடித்த சுவரோடு அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல், எந்த மாதத்தில் எடுத்தாலும் அதன் ஆயுள் டிசம்பர் 31 வரைதான். டிசம்பரில் நீங்கள் சேறு அள்ளிக்கொண்டு இருந்திருப்பீர்கள். 2026க்குப் புதுப்பிக்க நினைவு வந்திராது. ஆகவே சட்டத்தின் கண்ணில் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து உங்களிடம் பழைய இடத்துக்கும் லைசன் இல்லை, புது இடத்துக்கும் இல்லை.

“நாட்டிலேயே அவசரகால நிலை அறிவித்தார்களே, அப்போது இந்த விதியெல்லாம் நின்றுபோகாதா?” என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள். கனபேருக்கு இருக்கிற மயக்கம் இது. 2025 நவம்பர் 28ஆம் திகதி ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது உண்மை. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அப்போது ஆக்கப்படும் ஒழுங்குவிதிகள் அரசியலமைப்பைத் தவிர மற்றெந்தச் சட்டத்தையும் மேவலாம். ஆனால், அப்படி ஒரு விதியை யாராவது எழுதி, அது வர்த்தமானியில் வர வேண்டும். பிரகடனம் வந்த மாத்திரத்தில் சபையின் உபவிதிகள் தூங்கப் போய்விடுவதில்லை. சாப்பாட்டுக் கடையை விறாந்தைக்கு மாற்றலாம் என்று எந்த வர்த்தமானியிலும் நான் காணவில்லை. பிரகடனத்துக்கும் ஒரு தடவைக்கு ஒரு மாதம்தான் ஆயுள்; நீடிக்க வேண்டுமானால் திரும்பவும் பிரகடனம் செய்ய வேண்டும். நாட்டின் மிகப் பெரிய அதிகாரமே மாதக் கணக்கு வைத்துத்தான் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் சபையிலிருந்து வந்தவர் சொன்ன “நிலைமை சீராகும் வரை” என்பதற்கோ மாதமும் இல்லை, திகதியும் இல்லை.

பி.எச்.ஐ. சொன்னதை நம்பினேன் என்கிறீர்கள். பிரதேச சபைப் பகுதியில் பி.எச்.ஐ. சபையின் ஆள் அல்ல. சுகாதார வைத்திய அதிகாரியின் கந்தோரைச் சேர்ந்தவர். அவர் பார்ப்பது 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கண்ணால்: கை கழுவ இடம் உண்டா, சோற்றை மூடி வைத்திருக்கிறீர்களா, சமைப்பவருக்கு வைத்தியச் சான்றிதழ் உண்டா என்று. “பரவாயில்ல” என்று அவர் சொன்னது சுத்தத்துக்கு. இடத்துக்கு அனுமதி கொடுக்க அவரால் முடியாது. அவரும் பொய் சொல்லவில்லை, நீங்களும் பிழையாகக் கேட்கவில்லை. ஒரு சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த “நிலைமை சீராகும் வரை” பற்றி நான் கொஞ்சம் கதைக்க வேண்டும். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு இருக்கிறது.

2005 ஜனவரி. சுனாமி வந்து மூன்று கிழமை. கடற்கரையில் கடை இழந்தவர்கள் பிரதான வீதியோரம் தறப்பாள் கட்டிச் சோடா, பிஸ்கட், மெழுகுதிரி என்று வைத்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். பொலிஸ் வந்து எழுப்பியது. அதில் ஒருவர் நேரே என்னிடம் வந்தார். கையில் ஒன்றுமில்லை, சாரமும் யாரோ நிவாரணத்தில் கொடுத்தது. நான் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, ‘இவரை நிலைமை சீராகும் வரை இவ்விடத்தில் வியாபாரம் செய்ய அனுமதிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், பெரிய தருமம் செய்துவிட்ட நினைப்போடுதான் அன்று வீடு போனேன்.

2012இல் அந்த வீதிக்கு வடிகான் கட்ட வந்தார்கள். தறப்பாள் கடை அதற்குள் தகரக் கடையாகி, முன்னால் சீமெந்துத் திண்ணையும் வந்துவிட்டது. எழும்பச் சொல்லி நான்தான் போனேன். அவர் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. உள்ளே போய், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த என் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். “நிலைமை சீராகிட்டு எண்டு ஆர் ஐயா சொன்ன? எனக்கு இன்னும் சீராகல்லயே” என்றார். சுனாமியில் அவருக்கு மனைவியும் ஒரு பிள்ளையும் போயிருந்தார்கள். என் கையெழுத்துக்கு என்னிடமே பதில் இல்லை. மூன்று மாதம் இழுபட்டு, சந்தைக் கட்டடத்தில் ஒரு கடை ஒதுக்கிய பிறகுதான் வடிகான் அந்த இடத்தைத் தாண்டியது.

அதற்குப் பிறகு நான் திகதி போடாமல் ஒரு துண்டும் கொடுத்ததில்லை. 90 நாள், தேவையானால் இன்னொரு 90 நாள். கேட்கிறவருக்கு முதலில் முகம் சுருங்கும். ஆனால் 80ஆவது நாள் அவரே கந்தோருக்கு வருவார். அப்போது கதைக்கலாம்.

இப்போது உங்கள் விஷயம். சபைக்குப் பதில் எழுதுங்கள். கடை எந்தத் திகதியில் வெள்ளத்தில் போனது, எந்தத் திகதியில் வீட்டில் சமைக்கத் தொடங்கினீர்கள், யார் யார் வந்து பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். வந்தவர்களைக் குற்றம் சொல்லி எழுத வேண்டாம். ‘வந்து பார்வையிட்டார்’ என்று மட்டும் போதும். கடை சேதமானதற்குக் கிராம சேவகரிடம் ஓர் உறுதிக் கடிதம், 2025 லைசனின் கொப்பி, சுவர் வெடித்த படம் மூன்றையும் சேருங்கள். கடைச் சொந்தக்காரரிடம் சுவர் எப்போது கட்டி முடியும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்தத் திகதியை வைத்துத்தான், ‘2026 இன்ன மாதம் இன்ன திகதி வரை வீட்டில் தற்காலிகமாகச் சமைக்க அனுமதி தரவும்’ என்று கேட்க வேண்டும். கடிதத்தைக் கையில் கொடுத்து, உங்கள் கொப்பியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். ஒரு பிரதி உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் போகட்டும். பழைய கடைக்கு இந்த வருட லைசனை இப்போதே கேட்டு வையுங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி இடத்தின் ஆண்டுப் பெறுமதியை, அதாவது வருட வாடகை மதிப்பைப் பார்த்துத்தான் கட்டணம். மேலெல்லையே 1,000 ரூபா. இதில் காசு பெரிய விஷயமில்லை.

சபை டிசம்பர்க் கூட்டத்தில் வெள்ளம் பாதித்த கடைகளைப் பற்றி ஏதும் தீர்மானம் எடுத்ததா என்பதையும் கேட்டுப் பாருங்கள். வாயால் கேட்டால் “தெரியாது” என்பார்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்படி ஒரு தீர்மானம் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஒன்றை மட்டும் கோபிக்காமல் கேளுங்கள். இந்தக் கடிதம் தானாக வந்திருக்காது. யாரோ முறைப்பாடு செய்திருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதி என்றால் எந்த வியாபாரமுமே கூடாது என்று பொருளில்லை. ஆனால் நம்முடைய கரையோரம் மணல் நிலம். உங்கள் வீட்டுக் குசினித் தண்ணி ஒரு குடும்பத்துக்கென்று வெட்டிய குழிக்குள் போகிறது. ஒரு நாளைக்கு 150 பார்சலுக்கு அரிசி கழுவி, கறிச்சட்டி கழுவி ஊற்றினால் அது பக்கத்து வளவுக் கிணற்றில்தான் போய் ஏறும். இடத்தைப் பிரித்துக் குடியிருப்பு, வியாபாரம் என்று கோடு போடுவதன் காரணமே பாதி இந்தக் கிணறுதான். மதிலுக்கு அப்பால் இருப்பவரிடம் போய்க் கதையுங்கள். கழுவுகிற தண்ணிக்கு வேறு வழி செய்தேன் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுத முடிந்தால், அதை வாசிக்கிற செயலாளரின் பேனா இளகும். நான் அந்தக் கதிரையில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

கேள்வி: 2020 ஊரடங்கில் என்னிடம் மரக்கறி வியாபார லைசன் இருந்தும், பிரதேச செயலகத்தில் பாஸ் எடுத்து வா என்று பொலிஸ் திருப்பி அனுப்பியது. லைசன் கொடுத்தது சபை. பாஸ் கேட்பது வேறு கந்தோர். இனி ஒரு தடவை வந்தால் யாரிடம் போவது?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: இரண்டிடமும் தம்பி. நீங்கள் மரக்கறி விற்கலாம் என்று லைசன் சொல்கிறது. வீதியில் நிற்கவே கூடாது என்று ஊரடங்கு சொல்கிறது. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கடக்க முடியாது. 2020 மார்ச் 20இல் ஊரடங்கு தொடங்கியபோது நடமாடுகிற வியாபாரிகளை ஒழுங்குபடுத்துகிற வேலை பிரதேச செயலாளர்களிடம் போனது. சபைகளின் கையில் இருந்தது சந்தையைத் திறப்பதும் மூடுவதும், குப்பை அள்ளுவதும். அதே வருடம் நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையோடு கொரோனாக் கொத்தணி வந்தபோது, முடக்கம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. அதற்கு முன்னால் லைசன் செல்லாது. செய்யக்கூடியது ஒன்று: லைசனில் வாகன இலக்கத்தையும் ‘நடமாடும் விற்பனை’ என்பதையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ் கொடுக்கிறவர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

கேள்வி: நாவலடியில் அப்பாவின் வளவு சுனாமியோடு வெறுங்காணியாகக் கிடக்கிறது. நான் கட்டாரில் இருந்து வந்திருக்கிறேன். சின்னதாக இரண்டு அறை கட்டலாம் என்று எண்ணம். 200 மீற்றருக்குள் ஒரு கல்லும் வைக்க முடியாது என்கிறார் மாமா. அது எப்போதோ எடுபட்டுவிட்டது, யாரையும் கேட்கத் தேவையில்லை என்கிறார் மேசன். யார் சொல்வது சரி?
— வாசகர், கல்லடி

பதில்: மகன், மாமா 2005இல் நிற்கிறார். மேசன் கூலி கிடைத்தால் சரி என்று நிற்கிறார்.

சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கட்டடமில்லா வலயம் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு ஏன் இரண்டு மடங்கு என்று கேட்காத ஆள் இல்லை. மக்கள் செத்த இடத்தில் திரும்பவும் வீடு வேண்டாம் என்ற எண்ணம் பிழையில்லை. ஆனால் மேசையில் வரைபடத்தை விரித்து ஒரே கோட்டை எல்லா ஊருக்கும் இழுத்துவிட்டார்கள். நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிற நிலம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் போனால் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். 200 மீற்றர் என்றால் முழுத் தெருக்களே போய்விடும். சரி, மேற்கே தள்ளிக் குடியேற்றலாம் என்று திரும்பினால் அங்கே வயல். வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். கிழக்கே போகாதே என்று ஒரு சட்டம், மேற்கே போகாதே என்று இன்னொன்று. சனம் நடுவில் கூடாரத்துக்குள் இருந்தது.

அப்போது அளவெடுக்க நானும் போயிருக்கிறேன். எங்களிடம் இருந்தது 30 மீற்றர் நாடா. எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதே சண்டை. கடல் கரையை அரித்து வேறோர் இடத்தில் மணலைக் கொட்டியிருந்தது. பழைய கரை எது, புதுக் கரை எது என்று மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டுத்தான் குச்சி நட்டோம். ஏழாவது தடவை நாடாவை நீட்டியபோது கோடு ஒரு வயதான அம்மாவின் வளவுக்குள் போய் விழுந்தது. கிணறு தடைக்குள், கக்கூஸ் தடைக்கு வெளியே. “அப்ப தண்ணி அள்ள நான் சட்டத்த மீறோணுமா மனே?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நில அளவையாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, “மறுகா வாறம்” என்று கிளம்பிவிட்டார்.

பிறகு அந்தக் கோட்டைப் படிப்படியாகத் தளர்த்தி, கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் முன்பிருந்த முறைக்கே திரும்பினார்கள். அதன்படி ஒதுக்கு எல்லை, அதாவது கரையிலிருந்து கட்டாமல் விட வேண்டிய தூரம், எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. கரையின் ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு. ஆகவே 200 மீற்றர் இப்போது இல்லை. ஆனால், 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம்தான். அதற்குள் கட்டுவதற்கு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நாவலடி முகத்துவாரத்துக்குப் பக்கம் என்பதால் வாவிப்புறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடலோடு தொடர்புபட்ட வாவிக்கு அந்த வலயம் வாய் தொடங்கும் இடத்திலிருந்து 2 கிலோமீற்றர் உள்ளே வரை போகும். அந்த அனுமதியைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டட வரைபடத்தோடு மாநகர சபைக்குப் போங்கள். கட்டி முடித்த பிறகு, வரைபடப்படிதான் கட்டியது என்கிற இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அறைகளை வாடகைக்கு விட லைசன் கேட்கிற நாளில் இடிபடுவீர்கள். மேசனிடம் அத்திவாரம் வெட்டுகிற நாளை நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்ல வேண்டாம்.

கேள்வி: 2022இல் கேஸ் தட்டுப்பாட்டில் எங்கள் மதிலோடு உள்ள ஹோட்டலில் விறகடுப்பு வைத்தார்கள். கஷ்ட காலம் என்று நாங்களும் பொறுத்தோம். கேஸ் வந்து மூன்று வருடம் தாண்டியும் விறகுதான். உம்மாவுக்கு முட்டு வருத்தம். கேட்டால், “அப்ப சபையே ஓம் எண்டதுதானே” என்கிறார் முதலாளி.
— வாசகி, அம்பாறை மாவட்டக் கரையோரம்

பதில்: முதலாளி சொல்வது முழுப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு வெட்கம். அந்த வருடம் நான் செயலாளராக இருந்தேன். சிலிண்டர்களைச் சங்கிலியால் கோர்த்து வீதியில் வரிசை வைத்துவிட்டுச் சனம் நாட்கணக்காகக் காத்திருந்த காலம். விறகடுப்புக்கு நோட்டீஸ் கொடுக்க எந்தப் பரிசோதகருக்கு மனம் வரும்? நானும் கண்ணை மூடிக்கொண்டவன்தான். ஆனால் கண்ணை மூடிக்கொள்வது வேறு, அனுமதி கொடுப்பது வேறு. “ஓம்” என்றால் அது எந்தக் கடிதத்தில் என்று முதலாளி காட்ட வேண்டும். அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் அவரிடம் இன்னொரு தடவை கதையுங்கள், ஆனால் விறகை நிறுத்து என்று கேட்காதீர்கள். விலையைப் பார்த்தால் அவர் நிறுத்த மாட்டார். உங்கள் கூரையை விட உயரமாகப் புகைபோக்கி வைக்கச் சொல்லுங்கள். தகரக் குழாய்தான், பெரிய செலவில்லை. மறுத்தால் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு. சிறிய உணவு விடுதிகள், சிறு கைத்தொழில்கள் பலவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த வகைக்கு அதைக் கொடுப்பது சபைதான், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. இந்த ஹோட்டல் அந்தப் பட்டியலில் வருகிறதா, வந்தால் எப்போது காலாவதியாகிறது என்று கேளுங்கள். புதுப்பிக்கிற நேரம்தான் நிபந்தனை போட வசதியான நேரம். அதுவும் நடக்காவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது: பொதுத் தொல்லையை அகற்ற நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். உம்மாவின் கிளினிக் கொப்பியை ஃபோட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள், எல்லா இடத்திலும் உதவும்.

கேள்வி: 2025 மே தேர்தலில் முதல் தடவையாகப் பிரதேச சபைக்குத் தெரிவானேன். வெள்ளத்தில் கடை போன 40 பேருக்கு இந்த வருட லைசன் கட்டணத்தை முழுக்கத் தள்ளுபடி செய்து, பிரதான வீதியோரம் தற்காலிகக் கடை போட இடம் கொடுக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தேன். செயலாளர் முகம் கொடுக்கவில்லை. மக்களுக்காக வந்தவர்களா, கோவைக்காக (ஃபைலுக்காக) வந்தவர்களா இவர்கள்?
— ஓர் உறுப்பினர், அம்பாறை மாவட்டம்

பதில்: உறுப்பினர் தம்பி, செயலாளர் பக்கம் நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்து, நீங்கள் தெரிவாகி வரும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லை. செயலாளர்கள்தான் தனியாக ஓட்டினார்கள். தனியாக ஓட்டிப் பழகியவருக்கு முட்டுக்கட்டை போடுகிற பழக்கம் கொஞ்சம் வந்திருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பிரேரணையில் அவருக்கு இரண்டு முள் இருக்கிறது.

முதல் முள் கட்டணம். சட்டம் சொல்வது மேலெல்லையை. அதற்குள் எவ்வளவு என்பதைச் சபை முந்தின வருடமே தீர்மானித்து வர்த்தமானியில் போடுகிறது. 2026க்கானதை முடிவு செய்தாகிவிட்டது. நடு வருடத்தில் 40 பேருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் கணக்காய்வு வினா வரும். ‘சபைக்கு வரவேண்டிய வருமானம் எந்த அதிகாரத்தின் கீழ் கைவிடப்பட்டது?’ அதற்குப் பதில் எழுதுவது நீங்கள் இல்லை, அவர். உண்மையில் அந்த 40 பேரின் கஷ்டம் 1,000 ரூபாவில் இல்லை. அவர்களுக்கு வேண்டியது தவணையும் இடமும்.

இரண்டாவது முள் இடம். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகிற அந்தப் பிரதான வீதி ஏ4. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வருகிற அதே வீதி. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சொத்து. அதன் ஓரத்தில் கடை போட அனுமதிக்கச் சபைக்கு உரித்தில்லை. என் 2005 துண்டும் அந்த வகையில் செல்லாத துண்டுதான், அது தெரியாமல் எழுதினேன்.

புதிதாக உபவிதி செய்யலாமே என்பீர்கள். உபவிதிக்கு மாகாண மட்டத்தில் அங்கீகாரம் வேண்டும். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பர் 30ஓடு காலம் முடிந்து போனது போனதுதான். கோவை ஆளுநர் பக்கம் திருகோணமலைக்குப் போய் வரவேண்டும். அதற்குள் அடுத்த மாரி வந்துவிடும். அவசர காலத்தில் புதுச் சட்டம் எழுதி உதவ நினைப்பது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற வேலை. கையிலுள்ள அதிகாரத்தையே கொஞ்சம் நீட்டிப் பிடியுங்கள். உங்கள் பிரேரணையை இப்படித் திருத்திக் கொண்டுபோனால் செயலாளர் மறுக்கச் சிரமப்படுவார்:

‘2025 நவம்பர் வெள்ளத்தில் கடை சேதமடைந்ததாகக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தும் லைசன்தாரர்கள், சபைக்குச் சொந்தமான வாராந்தச் சந்தைக் காணியில், சந்தை கூடாத நாட்களில், 10க்கு 8 அடிக்கு மேற்படாத தற்காலிகக் கொட்டகையில், 2026 செப்டெம்பர் 30 வரை வியாபாரம் செய்ய அனுமதிப்பதென்றும், இவ்வனுமதி அவ்விடத்தில் எவ்வித உரித்தையும் தராது என்றும், இவர்களின் 2026 லைசன் கட்டணத்தை அத்திகதி வரை தவணையில் அறவிடுவதென்றும் தீர்மானிக்கப்படுகிறது.’

அளவு, திகதி, யாருக்கு என்று மூன்றும் இருக்கிறது பாருங்கள். ‘உரித்தைத் தராது’ என்ற வரி கல்நெஞ்சமாகத் தெரியும். அதை எடுத்துவிட்டால் அடுத்த தடவை எந்தச் சபையும் பயந்துகொண்டு காணியைத் தராது. மாரிக்கு முதல் எழும்ப வேண்டும் என்பதற்காகத்தான் செப்டெம்பர் போட்டேன்; உங்கள் சந்தைக் காணி பள்ளமா மேடா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கரைப்பற்றில் கடை. மாநகர சபைக்குப் போனால் பிரதேச சபைக்குப் போ என்கிறார்கள். அங்கே போனால் திரும்பவும் மாநகர சபை. இரண்டும் ஒரே பெயரில் ஏன்?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பெயர் ஒன்று, சபை இரண்டு. நகரம் மாநகர சபையின் கீழ், அதைச் சுற்றியுள்ள சில பகுதிகள் பிரதேச சபையின் கீழ். அவற்றை ஆளுகிற சட்டமும் வேறு வேறு: மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டினது, பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டினது. எல்லையோரக் கடைகளுக்கு இந்த அலைச்சல் சகஜம். கடைக் கட்டடத்துக்குச் சோலை வரி எந்தச் சபைக்குக் கட்டுகிறீர்களோ அந்தச் சபைதான் லைசன் தர வேண்டும். வாடகைக் கடை என்றால் சொந்தக்காரரிடம் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பற்றுச்சீட்டு வெள்ளத்தில் போயிருந்தால் பழைய சோலை வரி இலக்கத்தைச் சொன்னால் போதும், லெட்ஜரில் இருக்கும். லெட்ஜரே நனைந்துவிட்டது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். காயப்போட்டிருப்பார்கள், நாங்களும் 2011 வெள்ளத்தில் மொட்டைமாடியில் கல் வைத்துக் காயப்போட்டோம்.